குற்றாலத்துக்கு மேலே ஒரு தீவு

காட்டுயிர் பார்க்கத் தீவுக்குப் போவது என்றாலே கலாபகஸ் தீவுகள்தான் பேச்சில் வரும். பசிபிக் கடலடியிலிருந்து எரிமலைகள் எழுப்பிய நிலம். 1835இல் டார்வின் இறங்கிய இடம். ஆனால் ஒரே மூதாதையின் வழிவந்த குருவிகளை அங்கே பல இனங்களாகப் பிரித்ததில் நெருப்பைவிடக் கடலுக்கே பங்கு அதிகம். பிரிந்து கிடப்பதுதான் தீவு என்றால், தென்காசிக்காரர்கள் தினமும் ஒரு தீவை அண்ணாந்து பார்க்கிறார்கள். குற்றால மலை எரிமலை கக்கியதல்ல. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறை. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் கணவாய்தான் இங்கே கடல். அதற்குத் தெற்கே நீளும் அகத்தியமலைத் தொடரின் உயரச் சோலைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத அசம்பு சோலைக்கிளி வாழ்கிறது. பெயரில் கிளி இருந்தாலும் அது கருநீலச் சிறு பறவை. 2017இல்தான் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். அசம்பு சிரிப்பான் என்ற பறவைக்கும் அதே மலைதான் வீடு.

சிறகுள்ள பறவைக்குக் கணவாய் எப்படித் தடையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பறக்கும் வலிமை வேறு, இருக்கப் பழகிய இடம் வேறு. குளிர்ந்த, நிழல் அடர்ந்த சோலையின் அடித்தளத்தில் பூச்சி பொறுக்கும் பறவை, வெக்கையான தாழ்நிலத்துக்கு இறங்குவதில்லை. எதிர்மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தாலும் தலைமுறை தலைமுறையாகப் போக்குவரத்து இல்லை. இனம் பிரிய அது போதும்.

அப்படியானால், இயற்கையே பிரித்த இடத்தில் சாலையும் தண்டவாளமும் புதிதாக என்ன கெடுத்துவிட்டன என்பது அடுத்த வாதம். இதைத்தான் ஏற்க முடியாது. சோலைக்கிளிக்குக் கடலாக இருக்கும் அதே கணவாய் யானைக்கு வெறும் பள்ளம். பெரியாறு காடுகளையும் அகத்தியமலைக் காடுகளையும் யானை நடந்தே இணைத்திருந்தது. 1904இல் ரயில் வந்தது. இன்று இரவெல்லாம் கேரளத்துக்குச் சரக்கு லாரிகள் ஏறுகின்றன. அகத்தியமலையை 2022இல் யானைகள் காப்பகமாக அறிவித்தது நல்ல செயல். ஆனால் வடபுறத்து உறவு அறுந்த கூட்டம், எவ்வளவு காவல் இருந்தாலும், தனக்குள்ளேயே சுருங்கும். சோலைக்கிளியின் தனிமை பல லட்சம் ஆண்டுகளில் விளைந்த செல்வம். யானையின் தனிமை நூறு ஆண்டுகளில் நாம் செய்த கேடு. வழி இல்லாமல் இல்லை. ரயில் குகைக்குள் நுழையும் இடங்களில் மேலே காடு அறுபடாமல் நிற்கிறது. சாலைக்கும் அப்படிச் சில இடங்களையாவது அரசு ஒதுக்கவேண்டும். அதுவரை, சாரல் காலத்தில் குற்றாலம் வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: புளியரைக்கு மேலே ஏறும் பயணத்தை இரவில் வைக்காதீர்கள், விடிந்த பிறகு கிளம்புங்கள்.