பால் குடிக்கையில் வியர்க்கும் பிள்ளை

கடையம் பக்கத்தில் ஒரு தாய், “பிள்ளைக்குப் பால் குடிக்கையிலயே வேர்த்துக் கொட்டுது” என்று சொன்னால், கிராம சுகாதார செவிலியர் அதைப் புழுக்கம் என்று தள்ளிவிடக் கூடாது. நாலு வாய் குடித்ததும் மூச்சு வாங்குவது, எடை ஏறாதது, திரும்பத் திரும்ப நிமோனியா வருவது, உதடு நீலம் பூப்பது எல்லாமே இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லும் அறிகுறிகள்.

ஆயிரம் குழந்தைகளில் எட்டு, ஒன்பது பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். இதயத்தில் உள்ள சின்ன ஓட்டைகள் பல தானாக மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையைச் சளி என்று நினைத்து வருடக்கணக்கில் டானிக் கொடுத்தால், நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் அறுவை சிகிச்சையே செய்ய முடியாமல் போகும். நோயைவிடத் தாமதம்தான் அதிகம் கெடுக்கிறது.

பணத்துக்கு வழி இருக்கிறது. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பிள்ளைகளைப் பரிசோதிக்க அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வரும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை 5 லட்சம் வரை தாங்கும். பட்டியலில் உள்ள மருத்துவமனை அதற்கு மேல் கைநீட்டினால் 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். பஸ் செலவையும் போன கூலியையும் மட்டும் இந்த அட்டை தராது.

ஆபரேஷனுக்குப் பிறகு பிள்ளை பிழைப்பது எவ்வளவு உறுதி? 17 வளரும் நாடுகளில் 28 மருத்துவமனைகள் 2010 முதல் 2012 வரை குழந்தைகளுக்குச் செய்த 15,049 இதய அறுவை சிகிச்சைகளை ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. நூற்றுக்கு ஆறு குழந்தைகள் இறந்தார்கள். ஏழு பேருக்குக் கடும் தொற்று. இரண்டே ஆண்டில் இரண்டும் கணிசமாகக் குறைந்தன. அதற்கு உதவியவை கை கழுவுவதில் கறார், தப்பு தெரிந்தால் செவிலியரும் வாய்திறக்கலாம் என்ற நடைமுறை போன்றவை. ஆகவே, “இந்த ஆபரேஷன் வருஷத்துக்கு எத்தனை செய்றீங்க, எத்தனை பேருக்குத் தொற்று வந்துச்சு?” என்று பெற்றோர் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி.

எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2017-ல் வந்த ‘ஹ்ருதயம்’ திட்டம் பிள்ளையின் பெயரைப் பதிந்து, சிகிச்சைக்குப் பிறகும் தொடர்ந்து கவனிக்கிறது. எங்கிருந்தாலும் அந்தத் தொடர்ச்சி வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்தி, சொன்ன தேதியில் காட்டிவர வேண்டும். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இதயத்துக்குப் போகலாம் என்பதால், பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் இதய ஆபரேஷன் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.