எண்ணெய்க்குப் போன பணம் ஊரில் நின்ற கதை

வாய்க்கால் உடைந்திருந்தால் குளம் நிறையத் தண்ணீர் இருந்தும் வயலுக்குப் பயனில்லை. இது கமக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விடயமல்ல. ஒரு பிரதேசத்தின் பணமும் அவ்வாறுதான். நெல் விற்ற காசும், கூலிக் காசும், பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் ஒதுக்கப்படும் அரசாங்கக் காசும் ஊருக்குள் வருகின்றன. வந்த காசு ஊருக்குள் எத்தனை நாள் நிற்கிறது? எந்த உடைப்பினூடாக வெளியே போகிறது? இக்கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையும் தேடிய ஒரு சிறு நகரத்தின் அனுபவத்தை இங்கு பார்ப்போம்.

எல்லையோரத்து நகரம்

ஐரோப்பாவில், ஒஸ்ரியா நாட்டின் கிழக்கே, ஹங்கேரி எல்லைக்கு அண்மையில் பூர்கன்லாந்து மாகாணம் உள்ளது. அங்குள்ள கியூசிங் நகரில் வாழ்வோர் ஏறக்குறைய 4,000 பேர். குன்றின்மேல் ஒரு பழைய கோட்டை. சுற்றிவரச் சிறு விவசாயிகளின் காணிகளும் காடுகளும். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் 1989 வரை, ஹங்கேரி எல்லையை முள்வேலியும் காவற் கோபுரங்களும் அடைத்து நின்றன. அந்த ஓரத்தில் பணம் முதலிட எவரும் முன்வரவில்லை. புகையிரத வசதியில்லை, பெருந்தெருக்களும் எட்டத்திலேயே இருந்தன. வேலைசெய்யும் வயதினரிற் பெரும்பாலானோர் வாரத் தொடக்கத்தில் வியன்னா போன்ற தூர நகரங்களுக்குச் சென்று வார இறுதியில் வீடு திரும்பினர். அவர்களுக்கு முந்திய தலைமுறையினர் பலர் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, சிக்காகோ நகரில் பெருந்தொகையாகக் குடியேறியிருந்தனர்.

அவர்களை ஊரைவிட்டு அனுப்பியது வேலையின்மை. எம்மை அனுப்பியது யுத்தம். காரணங்கள் வேறு. ஆயினும் பெற்றோர் ஓரிடம், பிள்ளைகள் வேறிடம் என்ற வாழ்வின் பாரத்தை நாமும் அறிவோம்.

பணம் போன வழி

அந்நாட்டுக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்காமற் குடியிருக்க முடியாது. பாடசாலை, வைத்தியசாலை, நகரசபைக் கட்டடம் யாவற்றுக்கும் மாதக்கணக்கில் வெப்பம் வேண்டும். இதற்கென வெளியிலிருந்து எண்ணெயும் நிலக்கரியும் மின்சாரமும் வாங்கினார்கள். இவ்வாறு நகரைவிட்டு ஆண்டுதோறும் வெளியேறிய தொகை, இன்றைய நாணயத்தில் ஏறக்குறைய 60 இலட்சம் யூரோ என அந்நகரத்தவர் கணக்கிட்டனர். ஏழை ஊரொன்றுக்கு இது பெரிய உடைப்பு.

அதே வேளையில், அந்தப் பிரதேசத்தின் நிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி காடாக இருந்தது. மரம் வெட்டியபின் எஞ்சும் கிளைகளும், முற்றாத சிறு மரங்களும் வாங்குவாரின்றிக் காட்டிலேயே உக்கிப் போயின. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

முதலில் பொதுக் கட்டடங்கள்

1990இல் கியூசிங் நகரசபை ஒரு தீர்மானம் எடுத்தது. நகரின் பொதுக் கட்டடங்கள் எண்ணெயையும் நிலக்கரியையும் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்பதே அது. 1992இல் நகரபிதாவான பீற்றர் வடாஸும், அவ்வூரைச் சேர்ந்த பொறியியலாளர் றைன்ஹார்ட் கொக்கும் இவ்வேலையை முன்னெடுத்துச் சென்றனர்.

பொதுக் கட்டடங்களிலிருந்து தொடங்கியதற்கு நல்ல காரணங்கள் உண்டு. அவை சபையின் பொறுப்பில் இருந்தன. வீடுவீடாகச் சென்று மக்களைச் சம்மதிக்கச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பாடசாலையோ வைத்தியசாலையோ பல வீடுகளின் அளவு எரிபொருளை ஒரே இடத்தில் பாவிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது நாளையும் இருக்கும், அடுத்த ஆண்டும் இருக்கும். அப்படியொரு நிச்சயமான கொள்வனவாளர் இருந்தாற்றான் விவசாயி துணிந்து விறகு வெட்டுவார். வங்கியும் துணிந்து கடன் கொடுக்கும்.

புதிய இயந்திரம் எதையும் வாங்குமுன் அவர்கள் வீண்செலவை நிறுத்தினர். வெப்பம் கசியும் சுவர்களையும் யன்னல்களையும் திருத்தினர். தேவையற்ற விளக்குகளைக் குறைத்தனர். இதனால் மட்டும் பொதுக் கட்டடங்களின் எரிசக்திச் செலவு ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது.

1996இல் விறகினால் இயங்கும் பொது வெப்ப நிலையம் ஒன்று நகரில் தொடங்கப்பட்டது. அதன் வேலைமுறை எளிது. சிறு துண்டுகளாக்கிய மரத்தைப் பெரிய கொதிகலனில் எரித்துத் தண்ணீரைச் சூடாக்குவார்கள். அச்சுடுநீர், வெப்பம் வெளியேறாதபடி பொதியப்பட்ட நிலத்தடிக் குழாய்கள் வழியே கட்டடங்களுக்குப் போகும். வெப்பத்தை அங்கு கொடுத்துவிட்டு, ஆறிய நீர் திரும்பி வரும். எடுத்த வெப்பத்துக்கு மானி உண்டு, அதன்படி கட்டணம். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு, மரம் கொடுத்த அயற் காணிக்காரரின் கைக்கு வந்தது. முன்னர் எண்ணெய்க் கம்பனிக்குப் போன காசு இப்பொழுது ஊர்க் கடையிலும் ஊர்த் தச்சரிடமும் செலவாகியது.

2001இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியைக் கொண்டு, மரத்தை வாயுவாக மாற்றி மின்சாரமும் வெப்பமும் பெறும் நிலையம் அமைக்கப்பட்டது. அதன் மின்வலு 2 மெகாவாற். நிலையான விலையில் வெப்பம் கிடைத்ததால் மரத்தளப் பலகை செய்யும் தொழிற்சாலைகள் நகருக்கு வந்தன. அவற்றின் மரக் கழிவு நிலையத்துக்கு எரிபொருளாயிற்று. காலப்போக்கில் ஏறக்குறைய 50 தொழில் நிறுவனங்கள் வந்தன என்றும், 1,000 பேர்வரை வேலை பெற்றனர் என்றும் நகரத்தவர் கூறுகின்றனர்.

புகையின் கணக்கு

விறகும் புகைக்கிறதே, எண்ணெயும் புகைக்கிறதே, இதில் என்ன வித்தியாசம் என்று சிலர் கேட்கக்கூடும். எண்ணெயிலும் நிலக்கரியிலும் உள்ள காபன் பல கோடி ஆண்டுகளாக நிலத்தடியில் அடைபட்டுக் கிடந்தது. அதனை எரிக்கும்போது, வளிமண்டலத்திற் புதிதாகக் காபனீரொட்சைட்டு வாயு சேர்ந்து பூமியை வெப்பமாக்குகிறது. மழை தவறுவதும், பருவம் தப்பி வெள்ளம் வருவதும் இவ்வெப்பத்தினால் அதிகரிக்கின்றன. மரத்தின் காபன், அம்மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததே. வெட்டிய இடத்தில் மீண்டும் மரம் வளர்ந்தால் அது அதே காபனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இக்கணக்கு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. வளர்வதற்கு மேலாக வெட்டக்கூடாது. வெட்டியபின் வெறுந்தரையாக விட்டால், காடும் போகும், கணக்கும் பொய்க்கும்.

சறுக்கிய இடம்

நல்ல கதையில் நல்லதை மட்டும் சொல்வது வாசகருக்குச் செய்யும் உதவியல்ல. கியூசிங்கின் வாயு மின் நிலையம், அதன் மின்சாரத்துக்கு அரசாங்கம் குறித்த காலத்துக்கு உறுதி செய்திருந்த உயர்ந்த விலையை நம்பியே நின்றது. ஐரோப்பா எங்கும் மர எரிபொருளுக்குக் கேள்வி கூட, விறகின் விலையும் ஏறியது. நிலையம் நிதி நெருக்கடிக்குள்ளாகி, உறுதி செய்த விலைக்காலம் முடிந்ததோடு 2016இல் நிறுத்தப்பட்டது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீண்செலவைக் குறைத்ததால் வந்த இலாபத்தை எந்த விலை மாற்றமும் பறித்துவிடவில்லை. எளிய கொதிகலனை ஊர் ஆட்களே நடத்தவும் திருத்தவும் முடிந்தது. வெளியார் தரும் மானியத்தில் முழுப்பாரத்தையும் ஏற்றிய பகுதியே முதலில் விழுந்தது.

எமக்கு என்ன?

எமது நாட்டில் வீடுகளைச் சூடாக்கத் தேவையில்லை. ஆகவே கியூசிங்கின் கொதிகலனை அப்படியே இங்கு கொண்டுவர வேண்டியதுமில்லை. ஆனால் எரிபொருளுக்காகப் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது என்னவென்பது எமக்குத் தெரியும். 1990களில் வடபகுதியில் மண்ணெண்ணெய் தட்டுப்பட்டபோது ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களில் சும்மா கிடந்தன.

எம் வேலிகளில் நிற்கும் கிளிசிரிடியாவை, தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005இல் அரசாங்கம் அறிவித்தது. வெட்ட வெட்டத் தழைக்கும் இம்மரத்தின் இலை வயலுக்குப் பசளை, ஆட்டுக்குத் தீன், தடி எரிபொருள். வேலியில் நிற்பது முதலும்தான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மீள்குடியேறும் ஊர்களில் பாடசாலையும் வைத்தியசாலையும் பிரதேச சபைக் கட்டடமும் புதிதாக எழும்பும்போதே, அவை என்ன எரிக்கும், யாரிடம் வாங்கும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள கட்டடம் மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவைப் பல ஆண்டுகளுக்குக் குறைக்கும். கட்டி முடிந்தபின் கேட்பதிலும் அத்திவாரம் வெட்டுமுன் கேட்பது மேல். முகாமில் இருந்தாலும், உறவினர் காணியில் இருந்தாலும், ஊர் எமது ஊரே. அதன் கணக்கைக் கேட்கும் உரிமையும் எமதே.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்:

எமது ஊர்ப் பாடசாலையும் வைத்தியசாலையும் மாதம் ஒன்றுக்கு எரிபொருளுக்கும் மின்சாரத்துக்கும் எவ்வளவு செலவிடுகின்றன? அதில் எவ்வளவு ஊருக்குள் நிற்கிறது?

அவற்றின் சமையலறைக்கு வேண்டிய விறகையும் அரிசியையும் மரக்கறியையும் எமது சங்கம் தவறாமல் கொடுக்க முடியுமா?

செலவின்றி இன்றே நிறுத்தக்கூடிய வீண்விரயம் எது?

உடைப்பு எங்கே என்று தெரிந்தாற்றான் மண் போட்டு அடைக்கலாம்.