கடினநிலை (வியூக நிகழ்பட ஆட்டங்கள்)

கடினநிலை என்பது வியூக நிகழ்பட ஆட்டம் ஒன்றில், கணினி இயக்கும் எதிராளி எவ்வளவு வலிமையுடன் மோத வேண்டும் என்பதை ஆட்டக்காரர் முன்கூட்டியே தெரிவு செய்யும் அமைப்பு ஆகும். வியூக ஆட்டங்களில் ஆட்டக்காரர் ஒரு வீரனையோ ஓர் ஊர்தியையோ மட்டும் இயக்குவதில்லை. ஒரு நாட்டின் உணவு, மரம், பொன், படை, ஆய்வு ஆகியவற்றைப் பங்கிட்டு நடத்துகிறார். ஆகவே கடினநிலை உயரும்போது விரல் வேகம் மட்டும் போதாது. கணக்கும் முன்யோசனையும் தேவைப்படுகின்றன. தோற்பதற்கு வாய்ப்பு மிகுந்த நிலையைப் பலர் பொழுதுபோக்குக்காகவே விரும்பித் தேர்ந்தெடுக்கின்றனர்.

கடினமாக்கும் வழிகள்

சிட் மையர் வடிவமைத்து 1991-இல் வெளியான சிவிலைசேஷன் ஆட்டத்தில், சீஃப்டன் முதல் எம்பரர் வரை ஐந்து நிலைகள் இருந்தன. சீஃப்டன் நிலையில் ஒரு நகரின் முதல் ஆறு குடிகள் மனநிறைவுடன் இருப்பர். எம்பரர் நிலையில் இருவர் மட்டுமே அவ்வாறு இருப்பர். மூன்றாமவர் முதலே அதிருப்தி தொடங்கிவிடும். எதிரியின் படையைப் பற்றி நினைக்கும் முன்பே, சொந்த நகரில் கலவரம் எழாமல் காக்க வேண்டிய நெருக்கடி ஆட்டக்காரருக்கு ஏற்படுகிறது. 1996-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவற்றுக்கும் மேலாக டீயிட்டி என்னும் நிலை சேர்க்கப்பட்டது.

எதிராளிக்குக் கூடுதல் வளம் அளிப்பது மற்றொரு வழி. 2016-இல் வெளியான ஆறாம் பதிப்பின் டீயிட்டி நிலையில், மனித ஆட்டக்காரர் ஒரு குடியேறியுடன் தொடங்க, கணினி மூன்று குடியேறிகளுடன் தொடங்குகிறது. அதன் உற்பத்தியும் பொன் வருவாயும் 80 விழுக்காடு கூட்டப்படுகின்றன. இங்கே கணினி அதிகம் சிந்திப்பதில்லை, அதிகம் வைத்திருக்கிறது, அவ்வளவே. 2010-இல் வெளியான ஸ்டார்கிராஃப்ட் 2 இதனை மறைக்கவில்லை. அதன் உச்ச நிலைகள் மூன்றுக்கும் 'ஏமாற்றுக்காரர்' என்ற பொருளிலேயே பெயரிடப்பட்டுள்ளது. அவற்றுள் முதலாவது நிலப்படம் முழுவதையும் காணும். அடுத்தது கூடுதல் வளமும் பெறும்.

செயற்கை அறிவாண்மை நிரலையே மேம்படுத்துவது மூன்றாம் வழி. இதுவே நேர்மையானது, உருவாக்குவதற்குக் கடினமானதும் இதுவே. 2019 நவம்பரில் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மறுபதிப்பின் எக்ஸ்ட்ரீம் என்னும் உச்சநிலை, கூடுதல் வளம் எதுவும் பெறாமலேயே மோதுகிறது.

சோழர் எடுத்துக்காட்டு

இம்மறுபதிப்புக்கு 2022 ஏப்ரலில் வெளியான 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் விரிவாக்கத்தில் திராவிடர் என்ற நாகரிகமும், முதலாம் இராசேந்திர சோழனின் (ஆட்சி 1014–1044) போர்களைத் தழுவிய தொடராட்டமும் இடம்பெற்றன. கி.பி. 1025 அளவில் கடாரத்தின் மீது கடற்படை செலுத்திய மன்னன் இவன். வடசென்னை வாசகர்களுக்கு இவன் தொலைவிலுள்ளவன் அல்லன். திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் கருங்கல் விமானம் இவன் காலத்துப் பணியாகும். ஆட்டத்தில் திராவிடப் படையினர் தமிழிலேயே மறுமொழி கூறுகின்றனர்.

திராவிடர் கடலிலும் காலாட்படையிலும் வலியவர். ஆனால் ஐரோப்பிய நாகரிகங்களுக்கு முதுகெலும்பான நைட் என்னும் கனரகக் குதிரை வீரர் இவர்களுக்கு இல்லை. தமிழகத்து அரசர்கள் போர்க்குதிரைகளைக் கடல் வழியாக இறக்குமதி செய்தனர் என்பதை எண்ணினால் இது பொருந்தாத அமைப்பு அன்று. இக்குறை எளிய நிலைகளில் வெளியே தெரிவதில்லை. எதிராளி வெகுநேரம் காத்திருப்பதால், எந்தப் படையைத் திரட்டினாலும் வெற்றி கிட்டும். உயர்நிலையில் எதிரியின் குதிரைப்படை வருமுன் ஈட்டி வீரர்களை ஆயத்தம் செய்யாதவர் தம் உழவர்களை இழப்பார்.

கடினநிலை எதை மாற்றுகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவும் 25 நொடிகளும் ஆகின்றன. நகர மையம் ஓயாது இயங்கினால் பத்து நிமிடங்களில் 24 பேர் உருவாவர். இடையில் இரண்டு நிமிடம் மறந்துவிட்டால் ஏறக்குறைய ஐவர் குறைவர். அவ்வைவர் வெட்டியிருக்கக்கூடிய மரமும் அறுத்திருக்கக்கூடிய கதிரும் ஆட்டம் முழுவதும் இல்லாமற் போகும். எளிய நிலையில் கணினியும் மந்தமாக இருப்பதால் இப்பிழைக்குத் தண்டனை இல்லை. எக்ஸ்ட்ரீம் நிலையில் கணினி மறப்பதில்லை.

அதுபோன்றே, ஒவ்வொரு யுகம் மாறும்போதும் திராவிடர் 200 மரம் இலவசமாகப் பெறுகின்றனர். ஒரு கப்பல்துறைக்கு 150 மரமும், ஒரு மீன்பிடிக் கலத்துக்கு 75 மரமும் வேண்டும். அந்த 200 மரத்தைத் துறைக்கு இடுவதா, ஏற்கெனவே துறை இருந்தால் இரு கலங்களுக்கு இடுவதா, கடலைக் கைவிட்டுப் படைவீட்டுக்கு இடுவதா என்ற கேள்வி, எளிய நிலையில் கேள்வியே அன்று. உயர்நிலையில் அடுத்த பத்து நிமிடங்களின் போக்கை அது முடிவு செய்கிறது. முடிவுகளுக்கு விலை ஏற்படுவதே உயர்நிலை ஆட்டத்தின் சுவைக்குக் காரணம் எனலாம்.

தோல்வியும் நேர்மையும்

மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் வெற்றி வாய்ப்பு தமக்குச் சாதகமாக இருக்கும்போது தோற்றால், ஆட்டக்காரர்கள் அதனை ஆட்டத்தின் பிழை என்றே கருதுவதாக சிட் மையர் 2010-இல் ஆட்ட உருவாக்குநர் மாநாட்டு உரையில் குறிப்பிட்டார். நான்கில் ஒரு முறை தோற்பது இயல்பு என்பது கணிதத்துக்குப் புரிகிறது, மனத்துக்குப் புரிவதில்லை. சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கித் தோல்வியை அழிக்கும் பழக்கம் இதனாலேயே பரவலாக உள்ளது. அவ்வாறு ஆடி வென்ற உயர்நிலை வெற்றியைப் பல ஆட்டக்காரர்கள் வெற்றியாகவே கணக்கிடுவதில்லை.

சமமற்ற வலிமையுடன் ஆடுவது கணினியால் வந்த புதுமை அன்று. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் எதிரெதிர் நிற்கின்றன. ஆனால் அங்கே இரு தரப்பின் வலிமையும் பலகையின் மீது வெளிப்படையாக உள்ளது. அடுத்த சுற்றில் பக்கங்களை மாற்றிக்கொள்ளவும் இயலும். கணினியின் மறைமுகச் சலுகை எரிச்சலூட்டுவதும், ஸ்டார்கிராஃப்டின் வெளிப்படையான பெயர் எரிச்சலூட்டாததும் இவ்வேறுபாட்டால் விளைவன.

உச்சநிலையின் குறுகல்

கடினநிலை கூடக் கூடச் சுவையும் கூடும் என்று கொள்ள இயலாது. மிக எளிய நிலையில் எல்லா வழிகளும் வெற்றிக்குச் செல்கின்றன. சிவிலைசேஷனின் டீயிட்டியிலோ மிகச் சில வழிகளே செல்கின்றன. தொடக்ககால உலக அதிசயங்களைக் கணினி தன் கூடுதல் உற்பத்தியால் முந்திக் கட்டிவிடுவதால், அவற்றை நம்பி வகுக்கும் திட்டங்கள் பெரும்பாலும் வீணாகின்றன. ஆட்டக்காரர் அண்டை நகரைக் கைப்பற்றுவது போன்ற ஒருசில பழகிய தொடக்கங்களையே திரும்பத் திரும்பக் கையாள நேர்கிறது. பலவகைத் திட்டங்களை முயன்று பார்க்க விரும்புவோருக்கு உச்சத்துக்கு ஒரு படி கீழான நிலையே பொருத்தமானது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்று எதிராளி கூடுதல் வளம் பெறாத ஆட்டத்தில் இக்குறுகல் சற்றுக் குறைவு.

2000-களில் சென்னையின் பல பகுதிகளில் இருந்த, மணிக்கணக்கில் கட்டணம் பெறும் இணைய உலாவல் நிலையங்களில் இத்தகைய ஆட்டங்களைக் குறும்பரப்பு வலையமைப்பு வழியாக நண்பர்கள் ஒருவரோடொருவர் ஆடுவது வழக்கமாயிருந்தது. கட்டணம் நேரத்துக்கு என்பதால், கணினியிடம் இருபது நிமிடங்களில் தோற்பதும் ஒரு செலவே. இருப்பினும் நண்பரிடம் தோற்பதைக் காட்டிலும் அது கூச்சம் குறைந்தது. எத்தனை முறை தோற்றாலும் கணினி அதனைப் பிறரிடம் சொல்வதில்லை.