வால்வு அறுவைக்கு முன்: சோதனைகளும் அச்சமும்

மனித இதயத்தின் நான்கு வால்வுகளும் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடிக் குருதியை ஒரே திசையில் செல்லவைக்கின்றன. அவற்றுள் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வும், கீழறையிலிருந்து பெருந்தமனிக்குக் குருதி வெளியேறும் வாயிலிலுள்ள அயோர்ட்டிக் வால்வும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால், வால்வு அறுவைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டிலுமே நிகழ்கின்றன. சிறுவயதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியைத் தொடரும் ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வின் இதழ்களைத் தடிக்கச் செய்து ஒட்டவைத்துவிடுவதால், இந்தியாவில் இருபது முப்பது வயதினரும் இந்நோய்க்கு ஆளாகின்றனர். முதியவர்களுக்கோ அயோர்ட்டிக் வால்வில் கால்சியம் படிந்து வழி குறுகுகிறது. காரணம் எதுவாயினும், அறுவை வேண்டும் என்று மருத்துவர் சொன்ன நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையே சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு சோதனையும் புதியதொரு நோயைத் தேடுவதாக எண்ணியே பலர் கலங்குகின்றனர். உண்மையில் அவற்றுட் பல, நோய் உறுதியான பின்னர் அறுவையைப் பாதுகாப்பாகத் திட்டமிடுவதற்காகச் செய்யப்படுபவை.

இச்சோதனைகளில் முதன்மையான எக்கோ, வால்வு அறுவைக்கு முந்தைய ஐயம் ஒன்றைத் தீர்க்கவே பிறந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் மைட்ரல் வால்வு அறுவைக்கு உரியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த மருத்துவர் இங்கே எட்லர், வால்வு குறுகியிருக்கிறதா அல்லது கசிகிறதா என்பதை அன்றைய முறைகளால் தெளிவாகப் பிரித்தறிய முடியாமல் தவித்தார். அவரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும், உலோகத்திலுள்ள விரிசல்களைக் கண்டறியத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட மீயொலிக் கருவியை இரவல் பெற்று, 1953ஆம் ஆண்டு அக்டோபரில் துடிக்கும் இதயத்திலிருந்து திரும்பிய ஒலி அலைகளைப் பதிவு செய்தனர். மனிதக் காதுக்கு எட்டாத அந்த ஒலி, கதிர்வீச்சு அன்று. உடலுக்குள் எதையும் செலுத்தாமல், வலியின்றி, இதழ்களின் அசைவையே அது காட்டிவிடுகிறது. பின்னாளில் இணைந்த டாப்ளர் முறை, குருதி பாயும் வேகத்தையும் அளக்கிறது. குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீறிடுவதைப் போலவே குறுகிய வால்வின் வழியே குருதி விரைகிறது என்பதால், அயோர்ட்டிக் வால்வில் விநாடிக்கு ஒரு மீட்டரளவில் இருக்க வேண்டிய வேகம் 4 மீட்டரை எட்டும்போது அதனைக் கடுமையான குறுக்கம் என மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர்.

எக்கோ அறிக்கை வீட்டுக்கு வந்ததும் எண்களைப் பார்த்து எழும் அச்சத்திற்குப் பெரும்பாலும் அடிப்படை இருப்பதில்லை. எஜெக்ஷன் ஃபிராக்ஷன், சுருக்கமாக இ.எஃப்., என்று குறிக்கப்படுவது, நிரம்பிய கீழறையிலிருந்து ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியின் பங்காகும். அது 60 சதவீதம் என்றிருந்தால் இதயம் அறுபது பங்குதான் வேலை செய்கிறது என்று பல குடும்பங்கள் மனமுடைந்து போகின்றன. நலமான இதயமும் ஒரு துடிப்பில் முழுமையாகக் காலியாவதில்லை; 60 என்பது இயல்பான அளவே. அவ்வாறே, வேறொரு வால்வில் மிகச் சிறிய கசிவு இருப்பதாக அறிக்கை குறிப்பிட்டால், அத்தகைய கசிவு நோயற்ற பலரிடமும் காணப்படுவது என்பதை அறிந்திருத்தல் நல்லது.

மார்பின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோவில் தெளிவு போதாதபோது, இதயத்தின் பின்புறத்தை ஒட்டிச் செல்லும் உணவுக்குழாயினுள் மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்ப்பதுண்டு. சில மணி நேரம் வெறும் வயிற்றுடன் இருக்கச் செய்து, தொண்டையை மரத்துப்போக வைத்து, உறக்கம் தரும் மருந்தும் அளித்தே இதனைச் செய்கின்றனர். பொதுவாக நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மணிக்கட்டு அல்லது தொடை வழியாக ஆஞ்சியோகிராம் செய்யப்படுகிறது. இதயத் தமனிகளில் அடைப்பு இருந்தால் அதனையும் அதே அறுவையில் சரிசெய்துவிடலாம் என்பதே அதன் நோக்கம். பல் மருத்துவரிடம் அனுப்பப்படுவதுதான் பலருக்கும் வியப்பளிக்கிறது. ஈறுகளிலிருந்து குருதியில் கலக்கும் கிருமிகள் புதிய வால்வில் தங்கிக் கொடிய தொற்றை உண்டாக்கக்கூடும் என்பதால், சொத்தைப் பற்களை முன்னரே சீர்செய்வது இன்றியமையாதது.

அச்சம் மனத்தை மட்டும் சார்ந்ததன்று என்பது வால்வு நோயில் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயத்திற்கு ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி கிடைக்கிறது. பதற்றத்தால் துடிப்பு 120 ஆகும்போது அது அரை விநாடியாகச் சுருங்குகிறது. இவ்விழப்பில் பெரும்பகுதி இதயம் விரிந்து நிரம்பும் நேரத்திலேயே விழுவதால், குறுகிய மைட்ரல் வால்வின் வழியே கீழறைக்குப் போதிய குருதி இறங்காமல் மேலறையிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்குவதால் அச்சம் பெருகி, துடிப்பு மேலும் விரைகிறது. துடிப்பை மட்டுப்படுத்தும் மாத்திரைகளை மருத்துவர்கள் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே உறக்கமின்மையையும் பதற்றத்தையும் வெளியே சொல்வது கோழைத்தனம் ஆகாது. அவை மருத்துவர் அறிய வேண்டிய குறிப்புகளே.

எதிர்பார்ப்பைத் தெளிவாக்குவது பயன் தரும் என்பதற்குச் சான்றும் உண்டு. ஜெர்மனியின் மார்பர்க் நகரில் பைபாஸ் அறுவைக்குக் காத்திருந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய வாழ்வைப் பற்றி முன்கூட்டியே பேசித் திட்டமிட உதவி பெற்றவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஆறு மாதங்களுக்குப் பின் அன்றாட வாழ்வில் குறைவான இடர்களையே சந்தித்தனர். இதைக் கருதும்போது, நோயாளியிடம் எதையும் சொல்லாமல் மறைக்கும் நம் குடும்பங்களின் வழக்கம், அன்பால் நேர்வதே எனினும், கைவிடத்தக்கதாகவே தோன்றுகிறது. மேலும், திருவனந்தபுரத்தில் உருவாகி 1990இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு போன்ற செயற்கை வால்வுகளைப் பொருத்திக்கொள்பவர் வாழ்நாள் முழுதும் குருதி உறைவதைத் தடுக்கும் மாத்திரை உண்ண வேண்டும்; விலங்குத் திசு வால்வுகளுக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லையெனினும் அவை ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கின்றன. கருவுற விரும்பும் பெண்ணுக்கு, கருவைப் பாதிக்கக்கூடிய அம்மாத்திரையைப் பற்றிய உண்மை முன்பே தெரிந்தாக வேண்டும். உண்மை அறியாதவரால் இவ்விருவகை வால்வுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலாது.

காத்திருக்கும் நாட்களில் ஒவ்வொரு சோதனைக்கும் முன், அது எதை அறிவதற்காக, அதன் முடிவால் எது மாறும் என்ற இரு கேள்விகளையும் எழுதிச் சென்று கேட்பது நன்று. ஆனால் மயக்கம் வந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார நேர்ந்தாலோ, அதனைப் பதற்றம் என்று தாமே முடிவு செய்துகொண்டு குறித்த தேதி வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.