பதினொரு மணிக் காய்ச்சல்

எங்கள் தாத்தா மழைக்காலம் முழுவதும் மாலைதோறும் தாமல் ஏரிக்கரைக்கு நடந்து போய், மதகுச் சுவரில் தண்ணீர் எந்தக் கல் வரை ஏறியிருக்கிறது என்று பார்த்து வருவார். வந்ததும் நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைப்பார். "இன்று எட்டுக் கல்" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் விளங்காது. நேற்று ஏழு, முந்தாநாள் ஐந்து என்று தாள்களை அடுக்கிப் பார்த்தால்தான் ஏரி நிரம்பும் வேகம் தெரியும். இப்படி நேரத்தோடு சேர்த்துக் குறித்த எண்களின் வரிசைக்குக் காலத்தொடர் என்று பெயர். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வுக் கூடத்தில், கோல்டிங்காம் என்பவர் 1796 முதல் வானிலையை இவ்வாறே குறித்து வந்தார்.

தோழியரே, இதே வேலையை ஒரு கணிப்பொறி தன்னைப் பற்றியே செய்துகொள்ள முடியும். எங்கள் ஆய்வகத்தில் அதற்கு ஒரு தேவையும் வந்தது.

ஆய்வகத்து மூலையில் பாடக் கோப்புகளையெல்லாம் சேமித்துத் தரும் பழைய லினக்ஸ் சர்வர் ஒன்று இருக்கிறது. அது நாள்தோறும் பதினொரு மணியளவில் காய்ச்சல் வந்ததுபோல் தள்ளாடும். அந்த நேரத்தில் வகுப்புக்கு வருவது பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பினர். அவர்கள் திருட்டுத்தனமாகத் திரைப்படம் பார்க்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மதிய இடைவேளையில் அவர்கள் ஆய்வகத்துக்கு வரக் கூடாது என்று தடையும் விழுந்தது. அழுதவர்களில் என் தங்கையும் ஒருத்தி.

கணிப்பொறி ஆசிரியையும் நானும் ஒரு சனிக்கிழமை பிரோமிதியஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவினோம். 2012-இல் சவுண்ட்கிளவுட் என்ற இசை நிறுவனத்தில் பிறந்தது இது. (கிரேக்கக் கதையில் தேவர்களிடமிருந்து தீயைத் திருடியவனின் பெயர்!)

முதலில் வட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். பிறகு எங்கள் கணிப்பொறியின் செயலிக்கு ஏற்ற கோப்பைத் தரவிறக்கிப் பிரித்தோம். மென்பொருளை இயக்கவென்றே ஒரு தனிப் பயனரை உண்டாக்கினோம். அவர் பெயரில் யாரும் உள்ளே நுழைய முடியாது. எண்கள் சேரும் அடைவு மட்டும் அவருக்குச் சொந்தம். மென்பொருளில் ஏதேனும் கோளாறு நேர்ந்தாலும் மற்றக் கோப்புகளுக்குக் கேடு வராமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

பிரோமிதியஸ் தானாக ஒன்றையும் அளப்பதில்லை, கேட்டு எழுதிக்கொள்ளும் கணக்கப்பிள்ளை அது. பதில் சொல்ல நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரலும் வேண்டும். செயலியின் வேலை, நினைவகம், வட்டு ஆகியவற்றின் நிலையை அது 9100 என்ற வாயிலில் சொல்லும். யாரை, எத்தனை விநாடிக்கு ஒரு முறை கேட்பது என்பதை அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். நாங்கள் 15 விநாடி என்று எழுதினோம். ஒவ்வோர் அளவுக்கும் நாளொன்றுக்கு 5,760 குறிப்புகள்! தாத்தா இதைக் கேட்டுச் சிரித்தார்.

அந்தக் கோப்பில் வரியைத் தள்ளி எழுத இடைவெளி விசையையே அழுத்த வேண்டும். நான் டேப் விசையை அழுத்திவிட்டேன். மென்பொருள் கிளம்ப மறுத்துவிட்டது, அரை மணி வீணாயிற்று. பிறகு மின்சாரம் போய் வந்தாலும் தானே தொடங்கும்படி இரண்டையும் லினக்ஸின் பணிப் பட்டியலில் சேர்த்தோம். 9090 வாயிலைப் பள்ளிக்கு வெளியே திறக்கவில்லை. நாமாக ஏற்பாடு செய்தாலன்றி அது கடவுச்சொல் கேட்பதில்லை.

திங்கட்கிழமை மாலை வரைபடத்தைத் திறந்தோம். தரையோடு கிடந்த கோடு ஓரிடத்தில் மலைபோல் எழுந்து, நாற்பது நிமிடம் நின்று இறங்கியிருந்தது. அடியில் காட்டிய நேரமோ 5.30! விடியற்காலையில் பள்ளியில் யார் இருக்கிறார்கள்? ஆசிரியைதான் கண்டுபிடித்தார். பிரோமிதியஸ் உலகப் பொது நேரத்தைக் காட்டுகிறது. நம் நாட்டின் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. அப்படியானால் அது நமது பதினொரு மணி.

சர்வரின் கடிகாரமும் உலகப் பொது நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கோப்புகளுக்கெல்லாம் நகல் எடுக்கும் வேலையை யாரோ எப்போதோ 5.30-க்கு என்று குறித்து வைத்திருந்தார்கள். விடியலில் முடிய வேண்டிய வேலை, நட்ட நடு வகுப்பில் நடந்து வந்திருக்கிறது. நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றி, வேலைகளை நேரப்படி தொடங்கும் நிரலையும் மறுபடி இயக்கினோம்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கோடு அசையவில்லை. தலைமையாசிரியைச் சகோதரி இரண்டு நாள் வரைபடங்களையும் அச்செடுத்து வரச் சொன்னார். வெகுநேரம் பார்த்துவிட்டு, தாமே எழுந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போனார். அன்று மதியமே தடை நீங்கியது. படங்கள் இரண்டும் இப்போது ஆய்வகக் கதவில் ஒட்டப்பட்டிருக்கின்றன.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு