பைத்தியமாக நடித்து நிருபர் ஆனார்!
10 நாள் அடைபட்டுக் கிடந்த 23 வயது பெண்

நியூயார்க் நகரில் பத்திரிகை வேலை கேட்டு 4 மாதம் அலைந்தார், ஒரு பெண். எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குள் புகுந்து வேலையைப் பிடித்தார்! அவர் பெயர் நெல்லி பிளை. நடந்தது 1887-ல்.

மொட்டைக் கடிதம்

சொந்தப் பெயர் எலிசபெத். 1885-ல் பிட்ஸ்பர்க் நகரப் பத்திரிகை ஒன்று, பெண்களுக்கு வீடுதான் இடம் என்று எழுதியது. கொதித்துப்போன எலிசபெத், பெயர் போடாமல் பதில் எழுதினார். எழுதியவர் யார் என்று தேடி ஆசிரியர் விளம்பரமே கொடுத்தார்! நேரில் போனார். வேலை கிடைத்தது. ஆனால் பூச்செடி, துணிமணி பற்றியே எழுதச் சொன்னார்கள். உதறிவிட்டு நியூயார்க் வந்துவிட்டார்.

துணிந்தார்

அங்கே "வேர்ல்ட்" பத்திரிகை ஒரு சோதனை வைத்தது. பிளாக்வெல் தீவில் இருந்த பெண்கள் மனநோய் ஆஸ்பத்திரிக்குள் நோயாளியாகப் போகவேண்டும். வெளியே எடுப்பது எப்படி? அது அவர்களுக்கே தெரியவில்லை!

கண்ணாடி முன் முழித்து முழித்துப் பார்த்துப் பழகினார். ஒரு விடுதியில் தங்கி, ராத்திரி முழுக்கத் தூங்காமல் மிரட்டினார். போலீஸ் வந்தது. கோர்ட்டுக்குப் போனார். டாக்டர்களும் பைத்தியம்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

அடி, உதை

உள்ளே போனதும் நடிப்பை விட்டுவிட்டார். யாரும் நம்பவில்லை! கெட்டுப்போன சாப்பாடு, குளிரில் வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீர், நர்சுகளின் அடி. இங்கிலீஷ் பேசத் தெரியாததால் மாட்டிக்கொண்ட, நல்ல புத்தியுள்ள பெண்ணும் அங்கே இருந்தார்.

10 நாள் கழித்து வக்கீல் வந்து மீட்டார். கட்டுரை வந்ததும் ஊரே திடுக்கிட்டது. ஜூரிகள் விசாரித்தார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம் ஒதுக்கப்பட்டது. நெல்லிக்கு வேலையும் நிலைத்தது.

1889-90-ல் 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்தவரும் இவர்தான். வழியில் கொழும்பிலும் இறங்கினார்.