எலும்புத் திருகாணியும் சுங்க அட்டவணையும்

சாலைத் தெருவில் இரும்புக்கடை நடத்திவரும் நம் அன்பர் ஒருவரை அண்மையில் காணச் சென்றிருந்தோம். அவருடைய அன்னையார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, நலமுற்று வீடு திரும்பியிருந்தார். அம்மையாரை நலம் விசாரித்துவிட்டு வெளித்திண்ணைக்கு வந்ததும், அன்பர் மருத்துவமனைப் பட்டியலை நம் முன் விரித்து வைத்தார்.

"அண்ணாச்சி, முப்பது ஆண்டாகத் திருகாணி விற்றுப் பிழைக்கிறவன் நான். ஒரு கிலோ திருகாணி என் கடையில் என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவின் எலும்பில் வைத்த இந்த மூன்றே மூன்று திருகாணிக்குப் போட்டிருக்கிற விலையைப் பாருங்கள். அதுவும் இரும்புச் சாதிதானே? இதற்கு மட்டும் ஏன் இந்த விலை?"

அன்று நம்மிடம் தக்க விடை இல்லை. பின்னர் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம். இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. முதியோர் உள்ள ஒவ்வொரு வீட்டின் கேள்வியும் இதுவே.

விலை என்பது பல இழைகள் சேர்ந்த கயிறு. உயர்ந்த உலோகம், மயிரிழை பிசகாத வேலைப்பாடு, கிருமி நீக்கம், சோதனைகள், இடையில் நிற்போரின் ஆதாயம் ஆகியவை அதில் அடங்கும். பொருள் வெளிநாட்டிலிருந்து வருவதாயின் சுங்கத் தீர்வை என்னும் இழையும் சேர்கின்றது. ஏனைய இழைகளைப்பற்றி நாம் ஓரளவு அறிவோம். தீர்வையைப்பற்றி அறிந்தோர் நம்மிற் சிலரே.

முதற் குலோத்துங்க சோழன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றப்பட்டதை நாம் பள்ளியிற் படித்தோம். சுங்கம் தவிர்த்தமை ஒரு மன்னனுக்குப் பட்டப்பெயராக நிலைத்ததெனின், அதன் பாரம் குடிகளை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும்! இன்றோ அரசாங்கங்கள் சுங்கத்தைத் தவிர்ப்பதில்லை. தரம் பிரித்து வாங்குகின்றன. எப்பொருளுக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வதற்கு, முதலில் அப்பொருள் யாது என்பதை முடிவு செய்தாக வேண்டும். இதுவே வகைப்படுத்தல் எனப்படும்.

இதற்கென உலகுக்கெல்லாம் பொதுவானதோர் அட்டவணை உண்டு. உலகச் சுங்க நிறுவனம் பேணிவரும் இவ்வொத்திசைவு முறை 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றது. நம் நாட்டில் 1975 ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டத்தோடு இணைந்த அட்டவணை இம்முறையைத் தழுவியதே. உயிருள்ள குதிரை முதல் ஓவியம் வரை உலகிலுள்ள சரக்குகள் யாவும் இதில் அத்தியாயம் அத்தியாயமாக அடுக்கப்பெற்றுள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. முதல் ஆறு இலக்கங்கள் உலகத்தார்க்கெல்லாம் பொது. நம் நாடு மேலும் இரண்டு சேர்த்து எட்டாக வழங்குகின்றது.

சாலைக் கம்போளத்தை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு எளிதில் விளங்கும். பாத்திரக் கடையில் வெல்லம் கிடைப்பதில்லை. பலசரக்குக் கடையில் பூட்டு கிடைப்பதில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் உரிய இடம் ஒன்று உண்டு. ஆயினும் ஒரே அறுவைக் கூடத்தில் ஒருங்கே கிடக்கும் பொருள்கள், சுங்க அட்டவணையில் வெவ்வேறு தெருக்களில் குடியிருக்கின்றன என்பதே வியப்பு.

கத்தி, ஊசி, மருந்தேற்றும் குழல் முதலிய கருவிகள் 9018 என்னும் தலைப்பில் அடங்கும். புண்ணைத் தைக்கும் ஊசி இங்கே இருக்க, கிருமி நீக்கிய தையல் நூலோ மருந்துகளோடு சேர்ந்து 3006 இல் இருக்கின்றது. மருத்துவரின் ரப்பர்க் கையுறை, ரப்பர்ச் சாமான்களோடு 4015 இல் உள்ளது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 9025. சக்கர நாற்காலி, வண்டிகளின் அத்தியாயத்தில் 8713. அறுவை மேசையின் தலைப்பு 9402. நாவிதர் கடை நாற்காலிக்கும் அதுவே தலைப்பு! செயற்கை மூட்டு, இதய வால்வு, காது கேட்கும் கருவி, முறிந்த எலும்பைப் பிணைக்கும் சாதனம் ஆகியவை 9021.

இத்தலைப்புகளுக்குரிய குறிப்புகள் மேலும் நுட்பமானவை. மூட்டு வலிக்கென நாம் அணியும் துணியுறை, தன் நெகிழ்ச்சி ஒன்றினால் மட்டுமே மூட்டைத் தாங்குமாயின் அது மருத்துவச் சாதனமன்று, ஜவுளியே. கால் ஊனத்தைச் சீர்செய்யும் செருப்பு, அளவெடுத்துத் தைத்ததாக இருத்தல் வேண்டும். மொத்தமாகச் செய்ததாயின், இணையாக அல்லாமல் ஒற்றையாக, எந்தக் காலுக்கும் பொருந்துமாறு இருத்தல் வேண்டும். அன்றேல் அதுவும் வெறும் செருப்பே.

இனி நம் அன்பரின் திருகாணிக்கு வருவோம். அதுவும் உலோகந்தானே என்று அவர் கேட்ட கேள்வியை, உலகின் சுங்க அதிகாரிகளும் நெடுநாள் கேட்டு வந்திருக்கின்றனர். திருகாணி என்பது எங்கும் பயன்படும் பொதுப்பொருள். ஆதலின் அது செய்யப்பட்ட உலோகத்தின் தலைப்புக்கே உரியது என்பது ஒரு கட்சி. மனித உடலுக்குள் வைப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஆதலின் 9021 க்கு உரியது என்பது மறு கட்சி. ஐரோப்பாவில் ஸ்ட்ரைக்கர் என்னும் கம்பெனி தொடுத்த வழக்கில், லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2017 இல் மறு கட்சிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. வேலைப்பாட்டின் நுட்பம், செய்முறை, நோக்கம் ஆகியவற்றால் இத்திருகாணி சாதாரணத் திருகாணியினின்றும் வேறுபட்டது என்பது அத்தீர்ப்பின் சாரம். கடைச் சாமான்களால் அதனை முடுக்க இயலாது, அதற்கென உள்ள மருத்துவக் கருவியே வேண்டும் என்பதையும் நீதிமன்றம் கருத்திற் கொண்டது.

பின்னர் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் உலக அட்டவணையே இதனைத் தெளிவாக்கிவிட்டது. உடலுக்குள் பொருத்தும் மருத்துவச் சாதனங்களில் மட்டுமே பயன்படுமாறு தனித்து வடிவமைத்த திருகாணி பொதுப்பொருள் அன்று. அதன் இடம் 9021.

ஒரு தலைப்பை விட்டு மறு தலைப்புக்கு மாறுவதனால் நோயாளிக்கு என்ன வந்தது எனில், சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் மதிப்புள்ள சரக்கு துறைமுகத்தில் இறங்குகின்றது. எத்தலைப்பாயினும் அடிப்படைத் தீர்வை 10 விழுக்காடு எனவும், அத்தீர்வையின்மேல் சமூகநல மேல்வரி 10 விழுக்காடு எனவும் உதாரணத்துக்காக வைத்துக்கொள்வோம். வேறு வரிகள் இல்லையெனவும் கொள்வோம். தீர்வை 1,000 ரூபாய், மேல்வரி 100 ரூபாய். ஆகத் தொகை 11,100 ரூபாய். இம்மொத்தத்தின்மேல் சரக்கு சேவை வரி விழும். இத்தகைய மருத்துவச் சாதனங்களுக்கு இவ்வரி 5 விழுக்காடு. இரும்புத் திருகாணிக்கு 18 விழுக்காடு. முன்னதன்படி 11,655 ரூபாய். பின்னதன்படி 13,098 ரூபாய். பொருள் ஒன்றே; பெயரால் வந்த வேற்றுமை 1,443 ரூபாய். இறக்குமதியாளர் செலுத்தும் இத்தொகை கைமாறிக் கைமாறி இறுதியில் வந்து சேருமிடம் நோயாளியின் பட்டியலே.

அங்ஙனமாயின் தீர்வையை அறவே ஒழித்துவிடலாகாதா என்று நேயர்கள் வினவலாம். அதற்கும் மறுபக்கம் உண்டு. 2020 ஆம் ஆண்டின் நிதிச்சட்டம், 9018 முதல் 9022 வரையுள்ள தலைப்புகளின் இறக்குமதிகள்மீது, சில விலக்குகளுடன், 5 விழுக்காடு சுகாதார மேல்வரி விதித்தது. சுகாதார வசதிகளுக்குப் பணம் திரட்டுவதும் உள்நாட்டுத் தொழிலை ஊக்குவிப்பதும் அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. வேலியிட்டாற் பயிர் வளரும் என்பது அரசின் வாதம். பயிர் விளையும் வரை விலையை யார் தாங்குவது என்பது நோயாளியின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு.

பயிர் விளைந்ததற்கு நம் நகரமே சான்று. 1976 இல் திறக்கப்பெற்று, 1980 இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தை அறியாதார் நம்மில் யார்? இதய வால்வுகளை வெளிநாட்டிலிருந்து தருவித்துவந்த அந்நாளில், அதன் முதல் இயக்குநர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் அவர்கள் தலைமையில் இங்கேயே வால்வு செய்ய முற்பட்டனர். மூன்று மாதிரிகள் தோற்றன, நான்காவது வென்றது. 1990 டிசம்பர் 6 ஆம் நாள் அது முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. அதனைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது டி. டி. கே. குழுமம். அதனை நிறுவிய டி. டி. கிருஷ்ணமாச்சாரி அவர்களோ, தீர்வை விகிதங்களை நாடாளுமன்றத்தில் முன்மொழியும் நிதியமைச்சர் பதவியை இருமுறை வகித்த தமிழர்! மதுரையில் 1992 இல் தோன்றிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் வில்லையை எளியோர்க்கும் எட்டும் விலையில் செய்து காட்டியதும் இத்தகைய முயற்சியே.

நம் குடும்பங்களுக்கு நேரிடையாகப் பயன்படும் செய்தி ஒன்றும் உண்டு. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள பிள்ளைகள் பெற்றோர்க்கென மருத்துவச் சாதனங்களை அனுப்புவது வழக்கம். பயணி தம் மூட்டையில் கொண்டுவரும் தீர்வைக்குரிய பொருளுக்கு 9803, அஞ்சலிலோ விமானத்திலோ சொந்த உபயோகத்துக்கு வருவதற்கு 9804 எனத் தனித் தலைப்புகள் உள்ளன. வணிகர் செலுத்தும் விகிதமே நமக்கும் என்று எண்ணிவிடலாகாது; அனுப்புமுன் விகிதத்தை விசாரித்துக்கொள்ளல் நலம். கடைச்சீட்டில் 'கருவி' என்று மொட்டையாக எழுதாமல், பொருளின் பெயர், அது செய்யும் பணி, உண்மை விலை ஆகியவற்றை எழுதச் செய்க. மருத்துவரின் சீட்டின் நகலொன்றை உடன் வைத்தல் நன்று. உயிர்காக்கும் மருந்துகள் சிலவற்றுக்கு, உரிய மருத்துவ அதிகாரியின் சான்றிதழின்பேரில் தீர்வை விலக்குப் பெறும் வழியும் உண்டு.

இவற்றையெல்லாம் நம் அன்பரிடம் சென்று கூறினோம். அவர் கடைப்பெட்டியிலிருந்து ஒரு திருகாணியை எடுத்து விரலிடையில் உருட்டியவாறே சற்று நேரம் மௌனமாயிருந்தார். "அம்மாவின் எலும்பில் இருப்பது என் கடைச் சரக்கு அல்ல என்று சட்டமே சொல்லிவிட்டதா? சரி, அண்ணாச்சி. ஆனால் விலையை விளக்குகிறவர்கள், பட்டியல் கொடுக்கும்போதே விளக்கினால் ஆகாதா?" என்றார்.

அவர் கேட்டது நியாயமே. பட்டியலிலுள்ள ஒவ்வொரு பொருளின் பெயரையும் விலையையும் தனித்தனியே எழுதித் தருமாறு கேட்பது எவரையும் அவமதிப்பதாகாது. இல்லத்தில் எவருக்கேனும் அறுவை சிகிச்சை நேருமாயின், நாள் குறிக்கும்போதே, வைக்கப்போகும் சாதனம் யாது, எங்கே செய்யப்பட்டது, உள்நாட்டில் செய்தது உண்டா என்று மருத்துவரைப் பணிவோடு வினவுவோமாக. கடைத்தெருவில் ஒரு முழம் துணிக்கு ஒன்பது கேள்வி கேட்கும் நாம், பெற்ற தாயின் உடலுக்குள் வைக்கும் பொருளைக் குறித்து ஒரு கேள்வியேனும் கேட்க வேண்டாமா?